அமுக்காமல் இரண்டு கப்

கட்டியாக இருக்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கிப்போகிற சாமான் இந்தச் சீஸ், குளிக்கிற சோப்பு போல. கேரட் துருவியில் வைத்து இழுக்க இழுக்கத் தாம்பாளத்தில் குமிந்துகொண்டே போகிறது. எங்கேயிருந்து வருகிறது இத்தனையும், கட்டி இன்னும் பாதி கையில் இருக்கிறது, தாம்பாளம் அதற்குள் நிறைந்துவிட்டது. எல்லாம் காற்று. ஊதினால் பறக்கும். முந்தாநாள் இதை நான் என் கையால் துருவியிருந்தால் என்று ஒரு நினைப்பு வருகிறது, வந்த வேகத்தில் அதைத் தள்ளிவிட்டு இன்னும் பலமாக இழுக்கிறேன். முந்தாநாள் துருவியது முப்பிடாதி. நான் அளந்தவள். மகளிர் குழு ஆரம்பித்த நாளிலிருந்து அதுதான் முறை, தலைவி அளப்பாள், மற்றவர்கள் துருவுவார்கள், பிசைவார்கள், உருட்டுவார்கள். இன்றைக்கு முப்பிடாதி இல்லாததால் துருவலும் என் தலையில். பதினொரு மணிக்கு அவள் வருவாள், வேலைக்கு அல்ல, குழு கொடுத்த நீலச் சேலையைத் திருப்பித் தர. தந்துவிட்டு, ‘குழுவின் சாமானை எடுத்ததால் விலக்கப்படுகிறேன்’ என்று கணக்குப் பார்க்கிற ஜெசிந்தா எழுதி வைத்திருக்கிற நோட்டில் பதினோரு பெண்களுக்கு முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் தென்காசி சுற்றுவட்டாரத்தில் வேறெந்தக் குழுவும் அவளைச் சேர்க்காது. வீட்டில் புருஷன் இடுப்பு ஒடிந்து கிடக்கிறான், சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார். “யக்கா, விரலப் பாத்து,” என்கிறாள் ஜெசிந்தா, எதிரே மாவு பிசைந்துகொண்டே. “ரத்தம் விழுந்தா லாட்ஜ்காரன் தக்காளிச் சாஸுன்னு நெனச்சு ரெண்டு பன்னு கூடக் கேப்பான்.” நான் சிரிக்கிறேன். சிரிப்பு வாயோடு நின்றுகொள்கிறது.

வெளியே சாரல். குற்றாலத்தில் சீசன் ஏறிவிட்டது. பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு லாட்ஜிலிருந்து அறுபது சீஸ் பன் ஆர்டர் வந்ததும் இந்தச் சீசனில்தான். முந்தாநாள் சொதப்பினோம், போனால் போகிறதென்று அந்த மேனேஜர் இன்றைக்கு நாலு மணி வரை இன்னொரு தவணை கொடுத்திருக்கிறார். பன் சொல்லிக்கொடுக்க வந்த பயிற்சி டீச்சரின் குரல் காதில் அப்படியே இருக்கிறது. எனக்குக் காதில் விழுந்தது போகாது, அதுதான் என் சொத்து, வேறென்ன இருக்கிறது. ஒரு கப் அரிசி இருநூறு கிராம், ஒரு கப் சீனி இருநூறு, ஒரு கப் மைதா நூற்றிருபது, ஒரு கப் துருவின சீஸ் நூறு. பாட்டு மாதிரி இரண்டு தரம் சொன்னாள், நான் பிடித்துக்கொண்டேன். அப்போது ஜெசிந்தா கேட்டாள், “ஒரே கப்பு டீச்சர், அது எப்படி ஆளுக்கொரு எடை காட்டும்?” டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்களும் நானும் ஒரே நாற்காலியிலதான் உக்காருதோம், ஒரே எடையா?” என்றாள். ஜெசிந்தா நல்ல தாட்டியான உடம்பு. எல்லாரும் சிரித்தோம், அவளும்தான். முப்பிடாதி சிரிக்கும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள், பல் மேலே தூக்கியிருக்கும். அந்த முந்தானை. அதை ஏன் நினைத்தேன். தாம்பாளத்தில் இருப்பதை அள்ளிக் கப்பில் போடுகிறேன். அளக்க வேண்டிய தேவையே இல்லை, இன்றைக்கு ஜெசிந்தா ஒவ்வொரு பாக்கெட்டாகத்தான் எடுத்துக் கொடுக்கிறாள், “இனிமே ஒரு தட்டுக்கு ஒரு பாக்கெட், இருநூறு கிராம், கண்ணு முன்னாடி பிரிச்சு, கண்ணு முன்னாடி துருவி” என்று. ஆனாலும் கை பழக்கம், அள்ளிப் போடுகிறது. ஒரு கப் நிறைகிறது. இன்னொரு கப்பும் நிறைகிறது. தாம்பாளம் காலி. ஒரு பாக்கெட் இரண்டு கப். சரிதானே, ஒரு கப் நூறு என்றால் இருநூறுக்கு இரண்டு கப், டீச்சர் சொன்னது சரிதான். பிறகு என் கை, நான் சொல்லாமலே, முதல் கப்பின் மேல் போய் உட்கார்ந்து அமுக்குகிறது. பொசுக்கென்று இறங்குகிறது. பாதிக் கப். இரண்டாவதை அதன் மேல் கொட்டி அதையும் அமுக்குகிறேன். அடங்கிவிட்டது. ஒரு பாக்கெட் முழுவதும் ஒரே கப்பில், விளிம்போடு விளிம்பாக, மேலே என் கட்டைவிரல் தடம்.

ஜெசிந்தா பார்த்துவிடுவாளோ என்று அவசரமாகத் தாம்பாளத்தில் தட்டி உதிர்த்துவிடுகிறேன். மூன்று தட்டு, தட்டுக்கு இருபது பன், தட்டுக்கு இரண்டு கப். முந்தாநாள் மூன்று பாக்கெட்டையும் முப்பிடாதி முன்னாலேயே துருவி ஒரே சட்டியில் போட்டுத் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். நான் முதல் தட்டுக்கு இரண்டு கப் அமுக்கி எடுத்தேன். அது இரண்டு கப் இல்லை, இரண்டு பாக்கெட். இரண்டாவது தட்டுக்கு ஒரு கப் அமுக்கி எடுத்ததும் சட்டியில் விரலால் வழிக்கிற அளவுதான் கிடந்தது. முதல் தட்டுப் பன்கள் ஓவனுக்குள் வாய்பிளந்து, சீஸ் வெளியே வழிந்து, தட்டோடு கருகி ஒட்டிக்கொண்டன. கடைசி முப்பதும் ஒன்றுமில்லாத வெறும் பன். ஜெசிந்தா சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். “மூணு பாக்கெட் என் கையால வாங்கிட்டு வந்திருக்கேன். ஒன்றரைத் தட்டுக்குத்தான் காணும்னா மிச்சம் எங்க? சட்டியே தின்னுட்டா?” என்றாள். துருவினவள் யார் என்று எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அமுக்கி அளப்பது என்ன பாவமா. எங்கள் பக்கம் புளி அளந்தாலும் கருப்பட்டித்தூள் அளந்தாலும் அமுக்கி, மேலே கும்பாரமாக வைத்துத்தான் அளப்போம். தலை தட்டி அளக்கிறவளுக்குக் கஞ்சப்பிசினாறி என்று பேர். என் கை தாராளமான கை, பஜ்ஜிக்கு வாழைக்காயைக்கூட நான் தடியாகத்தான் சீவுவேன், அது ஊருக்கே தெரியும். அந்தத் தாராளம்தான் இப்படிச் செய்துவிட்டது. தாராளம். இந்தச் சொல்லை இரண்டு நாளாக நாக்கில் போட்டுச் சப்பிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது, இன்றைக்குத்தான் கண்டுபிடித்தது போல நடிக்கிறேன். யாருக்கு முன்னால். இங்கே என் மண்டைக்குள் யார் இருக்கிறார்கள்.

“முந்தானையில என்னட்டி முடிச்சு?” என்று ஜெசிந்தாதான் கேட்டாள். முப்பிடாதி கையால் அதைப் பொத்தினாள். பொத்தாமல் இருந்திருக்கலாம். ஜெசிந்தா அவிழ்த்தாள், நாங்கள் பதினோரு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பன் சுற்றுகிற காகிதத்தில் ஒரு நுள்ளு சீஸ். மூக்குப்பொடி மடிக்கிற அளவு. ஓவன் பக்கத்தில் நின்ற சூட்டுக்கு உருகி ஒன்றாகி, சேலையின் நூல் அச்சு அதில் பதிந்து கிடந்தது. “அவருக்கு… டிவியில பாத்துட்டு எப்படி இருக்கும்னு கேட்டுக்கிட்டே கெடந்தாரு. ஒரு வாய்க்கு,” என்றாள். அந்த ஒரு நுள்ளு மூன்று கப்புக்குச் சாட்சி ஆகிவிட்டது. “ஒரு வாய்க்குன்னா மிச்சம் எந்த வாய்க்கு?” என்றாள் ஒருத்தி. “போலீஸுக்குப் போன் போடு” என்றாள் இன்னொருத்தி. அப்போது நான் பேசினேன். “போலீஸ் கீலீஸ் எல்லாம் வேண்டாம்,” என்றேன். “வயித்துப்பாட்டுக்கு எடுத்துட்டா. நான் மன்னிச்சிட்டேன். எழுதிக் குடுத்துட்டுப் போகட்டும்.” அந்தக் குரல் எனக்கே பிடித்திருந்தது. மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, கோயில் கமிட்டித் தலைவர் பேசுகிற மாதிரி. “ஆவுடையக்காவுக்குப் பெரிய மனசு” என்று நாலு பேர் சொன்னார்கள். ராத்திரி சாப்பிடும்போது அந்தச் சொல்லை நினைத்து இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன். அது உண்மை. அறுபத்து மூன்று வயதுக்குப் பொய் சொல்லிக்கொண்டு எங்கே போவது. முப்பிடாதி அழவில்லை. என்னை மட்டும் பார்த்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள், எனக்கு ஏதோ தூசி விழுந்த மாதிரி நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவள் பார்த்த பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிக்கொண்டு இன்னொரு பாக்கெட்டைப் பிரிக்கிறேன். பாக்கெட்டின் மேல் எழுத்து எழுத்தாக என்னென்னவோ இருக்கிறது, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படிக்கிற மாதிரி ஒரு தடவை பார்க்கிறேன், ஜெசிந்தா எதிரே இருக்கும்போது இப்படிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆவுடையம்மாள் என்று கையெழுத்துப் போட மட்டும் தெரியும், அதைக்கூட எழுதுவது என்று சொல்ல முடியாது, கோலம் போடுவது மாதிரி வரிசையாக வளைப்பேன். குழு தொடங்கும்போது பேங்க்காரர் “எதுவரை படிச்சிருக்கீங்கம்மா?” என்று கேட்டார், பின்னால் பதினோரு பெண்கள் நின்றார்கள், வாய் தானாக “எட்டாப்பு” என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து எட்டாப்புக்காரி. யாருக்கும் தெரியாது, முப்பிடாதியைத் தவிர. ஒரு நாள் பேங்க் நோட்டீஸை நீட்டி, “கண்ணாடிய மறந்துட்டேம்ட்டி, நீ வாசி” என்றேன். அவள் காதோரமாக வந்து, “மைனி, கண்ணாடி ஒங்க தலையில இருக்கு” என்றாள். அவ்வளவுதான். அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் அன்றிலிருந்து என் கூட நடந்தால் பஸ் போர்டு, சுவரொட்டி, ரேஷன் கடைப் பலகை எல்லாவற்றையும் தனக்குத்தானே வாசிப்பவள் போல முணுமுணுத்துக்கொண்டே வருவாள். “நாளைக்கு கரண்ட் கட்டாம், காலையில ஒம்பதுல இருந்து அஞ்சு வரைக்கும்.” “அல்வாவுக்குத் தள்ளுபடியாம், எவன் நம்புவான்.” எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, கல் மாதிரி உறுத்தவும் செய்தது. ஒருத்தர் நம்மைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தால் அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எதிலிருந்து காப்பாற்றுகிறார்கள் என்பதும் ஞாபகம் வருகிறது. முந்தாநாள் அவள் வெறுங்கையோடு சாரலில் இறங்கிப் போனபோது எனக்குள் ஒரு மூச்சு இறங்கியது. இனி என் குட்டு தெரிந்தவள் இங்கே இல்லை என்று. அந்த மூச்சைப் பிடித்து நிறுத்திப் பார்க்கப் பயந்துகொண்டுதான் இரண்டு நாளாகத் தாராளம், தாராளம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதோ சுவரில் ஒட்டியிருக்கிறதே அந்தக் காகிதம், டீச்சர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. முந்தாநாள் நான் கப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சட்டிப் பக்கம் திரும்பியபோது முப்பிடாதி அதன் கீழே நின்று வழக்கம்போல் முணுமுணுத்தாள். “துருவிய சீஸ் ரெண்டு கப். அமுக்காமல்.” அப்புறம் கொஞ்சம் சத்தமாக, “அமுக்காமல்னு போட்டிருக்கு மைனி.” ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். சும்மாதான் பார்த்தாள், சத்தம் கேட்டால் யாரும் பார்ப்பார்கள். ஆனால் எனக்குக் காது மடல் கொதித்தது. “எனக்கு வாசிக்கத் தெரியாதாட்டி? நீ எனக்குச் சொல்லித் தாறியா?” என்றேன். சொல்லிவிட்டு அமுக்கினேன். வழக்கத்தைவிட அமுக்கினேன், அவள் பார்க்க, மணிக்கட்டு வலிக்க. பழக்கமும் இல்லை, தாராளமும் இல்லை. ஒரு சொல் என் காதில் தெளிவாக விழுந்தது, அதைச் சொன்னவள் மேல் உள்ள கோபத்தில் அதை அந்தக் கப்புக்குள் போட்டு அமுக்கினேன். அவ்வளவுதான் நடந்தது. இதுதான். இதைச் சுற்றிச் சுற்றித்தான் காலையிலிருந்து துருவிக்கொண்டிருக்கிறேன். இப்போது சொன்னால் என்ன ஆகும். எட்டாப்பு போகும். தலைவி போகும். சந்தையில் என்னைக் கண்டால் குசுகுசுப்பார்கள். மருமகள் வீட்டில் சொல்லிக் காட்டுவாள், அவள் எதையும் விடமாட்டாள். சொல்லாவிட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது, அதுதான் பயமாக இருக்கிறது, எனக்கு ஒன்றுமே ஆகாது. “யக்கா, துருவிக்கே துருப்பிடிச்சிரும், அப்படி என்ன யோசன?” என்கிறாள் ஜெசிந்தா. கட்டி தீர்ந்துபோய் வெறும் துருவியில் கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒவ்வொருத்தியாக வந்து சேர்கிறார்கள், குடையை மடக்கி மூலையில் சாத்துகிறார்கள், தரை ஈரமாகிறது. முப்பிடாதி உள்ளே வரவில்லை. தகரச் சாய்ப்புக்குக் கீழே, ஒழுகாத இடமாகப் பார்த்து நிற்கிறாள், கையில் பிளாஸ்டிக் பையில் நீலச் சேலை. துவைத்து, இஸ்திரிப் பெட்டி போட்டு மடித்திருக்கிறாள். எனக்குக் கால் அவள் பக்கம் போகிறது. இவளிடம் மட்டும் சொல்லிவிடலாம், தனியாக, மெதுவாக, பிறகு ஜெசிந்தாவிடம் ஏதாவது சொல்லி அந்தக் கையெழுத்தை நிறுத்திவிடலாம், வயதானவள் கேட்கிறேன் என்று, இன்னொரு பெரிய மனசாக. இப்படியும் ஒரு வழி மனசுக்குத் தோன்றத்தான் செய்கிறது, வெட்கம் கெட்ட மனசு. “முப்பிடாதி,” என்றேன். “நாந்தாம்ட்டி. நான் அமுக்குனதுலதான் தீந்துபோச்சு.” அவள் சாரலைப் பார்த்துக்கொண்டே, “தெரியும் மைனி,” என்றாள். “நாந்தான வாசிச்சேன்.” “பின்ன ஏன்ட்டி அன்னைக்கே வாயத் தொறக்கல?” “முந்தானையில முடிச்சோட நிக்கிறவ சொன்னா யாரு நம்புவா? அந்த நுள்ளு எடுத்தது நெசந்தானே. அதுக்கே எனக்கு நிமிந்து பாக்க முடியல.” எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, பிடித்தேன், அவள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுகிற சாக்கில் விடுவித்துக்கொண்டாள். “மைனி, அன்னைக்கு மன்னிச்சிட்டேன்னு ஒண்ணு சொன்னீங்கல்லா,” என்றாள். “அதான் ரெண்டு நாளா தொண்டையில நிக்குது. திருடின்னு சொன்னதுகூட எறங்கிட்டு. அத நீங்க திருப்பி வாங்கிக்கிடணும். இங்கன வச்சு இல்ல. அத்தன பேரு கேக்கச் சொன்னீங்கல்லா, அத்தன பேரு கேக்க.”

உள்ளே போனேன். பேசுவதற்கு எனக்கு வார்த்தைப் பஞ்சமே கிடையாது, அந்த நேரத்தில் எல்லாம் எங்கே போய் ஒளிந்ததோ. தாம்பாளத்தை மேசை நடுவில் இழுத்து, இரண்டு கப்பை உதிரியாக நிரப்பி வைத்து, “இது ஒரு பாக்கெட்,” என்றேன். பிறகு எல்லாரும் பார்க்க இரண்டையும் ஒரே கப்பில் அமுக்கினேன். “முந்தாநாள் நான் இப்படி அளந்தேன்.” முதலில் புரிந்தது ஜெசிந்தாவுக்குத்தான், கணக்குப் பார்க்கிறவள் இல்லையா, மாவுக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். “ஏசுவே. செவத்துலதான எழுதிருக்கு யக்கா, கண்ணு முன்னால?” என்றாள். “எனக்கு வாசிக்கத் தெரியாது.” “எட்டாப்புன்னு…” “ஒண்ணாப்புல ஒரு மழைக்காலம் போனேன். அம்புட்டுதான்.” யாரோ களுக்கென்று சிரித்தாள், உடனே நிறுத்தினாள். நான் யாரையும் பார்க்கவில்லை, கப்பில் என் விரல் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே நிறுத்திக்கொண்டால்கூடப் போதும் என்று தோன்றியது. படிக்காதவள், பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று விட்டுவிடுவார்கள், இரண்டொருத்தி முகத்தில் அந்த இரக்கம் வரவும் தொடங்கிவிட்டது. “தெரியாமச் செய்யல,” என்றேன். “அமுக்காமல்னு போட்டிருக்குன்னு முப்பிடாதி வாசிச்சா. என் காதுல விழுந்துச்சு. விழுந்தும்தான் அமுக்குனேன்.” வந்த இரக்கம் அப்படியே திரும்பிப் போனது. ஜெசிந்தா கையைத் துடைத்துவிட்டு நோட்டைத் திறந்தாள், எழுதி வைத்திருந்ததன் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. “அப்ப என்னன்னு எழுத?” என்றாள். “நான் சொல்லச் சொல்ல எழுது. மன்னிச்சேன்னு நான் சொன்னதத் திருப்பி எடுத்துக்கிடுதேன். முதல்ல அத எழுது.” சொன்னேன், எழுதினாள். அளந்தது, அமுக்கியது, எட்டாப்பு, எல்லாம். ஒரு பக்கம் முழுக்க வந்தது. “கையெழுத்துக்கு முன்னால வாசிச்சுக் காட்டணும்,” என்றாள் ஜெசிந்தா. “முப்பிடாதி வாசிக்கட்டும்,” என்றேன். வாசலில் நின்றவள் உள்ளே வந்து, ஈரக் காலைத் துடைத்துக்கொண்டு, பையைக் கீழே வைக்காமலே நோட்டை ஒரு கையில் வாங்கினாள். வரி வரியாக வாசித்தாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, நிறுத்தி நிறுத்தி. நான் காதில் விழுந்தும் வேண்டுமென்றே அமுக்கினேன் என்கிற இடம் வந்ததும் அவள் குரல் தணிந்து, பழையபடி தனக்குத்தானே முணுமுணுக்கிற மாதிரி ஆகிவிட்டது.

“சத்தமா வாசிட்டி,” என்றேன்.